வீச்சும் வாடிக்கையும்: சேலை விற்பனையில் சமூக ஊடகத்தின் முதல் படிகள்

1. கேள்வி

சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் நெய்த ஒரு சேலை தூத்துக்குடியில் உள்ள ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர இன்று இரண்டு பாதைகள் உள்ளன. தறிக்காரரிடமிருந்து மொத்த வியாபாரிக்கும், அவரிடமிருந்து ஊர் ஜவுளிக்கடைக்கும், கடையிலிருந்து வாங்குபவருக்கும் போவது பழைய பாதை. கைபேசியில் எடுத்த வீடியோ, பார்த்தவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட், யு.பி.ஐ. வழியே வரும் பணம், மறுநாள் கிளம்பும் கூரியர் என்று முடிந்துவிடுவது புதிய பாதை. யு.பி.ஐ. 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கி, மொபைல் டேட்டாவின் விலை சரிந்தது. 2018 ஜனவரியில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி வந்தது. இம்மூன்றும் அடுத்தடுத்து அமைந்ததால், கடையும் பலகையும் இல்லாத ஒருவர் வீட்டுக் கூடத்திலிருந்தே வெளியூருக்குச் சேலை விற்க முடிகிறது.

இந்தப் புதிய பாதை சிறுவணிகருக்கு உண்மையில் எதைத் தருகிறது, தொடங்குபவர் தம் முதல் உழைப்பை எதில் போட வேண்டும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. இங்கே சிறுவணிகர் என்பது ஓரிருவர் சேர்ந்து, சொந்தச் சேமிப்பையோ நகைக்கடனையோ முதலாக வைத்து, ஊழியர் யாரும் இல்லாமல் நடத்தும் வணிகத்தைக் குறிக்கும். சேலை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் சமூக ஊடகம் வழியே சிறு முதலீட்டில் நடக்கும் வணிகங்களில் மிகப் பரவலாகக் கண்ணில் படுவது அதுதான். படத்தைப் பார்த்து மட்டும் தரம் சொல்ல முடியாத பொருள் என்பதால், இந்த வணிகத்தின் உள்ளே இருக்கும் சிக்கல் சேலையில் தெளிவாகவே வெளிப்படுகிறது.

2. வழக்கமான பாடம்

சமூக ஊடகச் சந்தைப்படுத்தலைக் கற்பிக்கும் பயிற்சிகளும் கையேடுகளும் பெரும்பாலும் ஒரே வரிசையில் செல்கின்றன. பக்கம் தொடங்க வேண்டும், லோகோ வேண்டும், நாள்தோறும் பதிவிட வேண்டும், ஹேஷ்டேக் சேர்க்க வேண்டும், பின்தொடர்பவர்களைப் பெருக்க வேண்டும், பிறகு கொஞ்சம் பணம் கொடுத்துப் பதிவைப் பரப்ப வேண்டும். கவனத்தை ஈர்த்தல், ஆர்வமூட்டல், விருப்பம் உண்டாக்கல், வாங்கவைத்தல் என்ற நான்கு படிக் கருத்து இதற்கு அடியில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க விளம்பரத் துறையில் உருவான இக்கருத்து, எலியாஸ் செயின்ட் எல்மோ லூயிஸ் என்பவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது.

நாடு முழுவதும் கடைகளில் கிடைக்கும் சோப்புக்கோ பற்பசைக்கோ இவ்வரிசை பொருந்தும். விளம்பரத்தைப் பார்த்த ஆயிரம் பேரில் யார் எங்கே வாங்கினாலும் உற்பத்தியாளருக்கு லாபமே. நாளைக்குப் பத்துச் சேலை அனுப்பினாலே கை ஓய்ந்துபோகும் ஒருவருக்கு நிலைமை வேறு. பதிவு எத்தனை பேருடைய திரைக்குப் போய்ச் சேர்ந்தது என்ற எண்ணிக்கையே வீச்சு எனப்படுகிறது. ஒரு ரீல் லட்சம் பேரை எட்டினால், ‘விலை என்ன’ என்ற கேள்வி மட்டும் நூற்றுக்கணக்கில் வரும். அவற்றுக்குப் பதில் சொல்லவே பொழுது போய்விடும். கையிருப்பில் இருந்த சேலையோ அன்று காலையே விற்றுப்போயிருக்கும். பதில் கிடைக்காதவர் திரும்ப வருவதில்லை. வணிகத்தின் கொள்ளளவைத் தாண்டிய வீச்சு சிறுவணிகருக்குப் பெயர்க்கேட்டையும் கொண்டுவரலாம் என்பதை வழக்கமான பாடம் கணக்கில் எடுப்பதில்லை.

3. தகவலும் நம்பிக்கையும்

தொலைத்தொடர்பு வசதி சிறு உற்பத்தியாளரை இடைத்தரகரிடமிருந்து விடுவிக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு. வடகேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை கைபேசிச் சேவை படிப்படியாக வந்தபோது மத்தி மீன் விற்பனையில் என்ன நடந்தது என்பதை அவர் ஆராய்ந்தார். மீனவர்கள் கடலிலிருந்தபடியே எந்தக் கரையில் விலை அதிகம் என்று கேட்டு அங்கே படகைத் திருப்பினர். கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு பெருமளவு குறைந்தது, விற்காமல் வீணாகும் மீன் கிட்டத்தட்ட இல்லாமலே போனது, மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் உயர்ந்தது, வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது என்பவை அவருடைய முடிவுகள்.

ஜானகி சீனிவாசனும் ஜென்னா பர்ரெலும் பின்னர் கேரள மீனவர்களிடையே களப்பணி செய்து இந்தச் சித்திரத்தை மறுபரிசீலனை செய்தனர். விலைத் தகவல் கையில் இருந்தாலும் எல்லா மீனவராலும் கரையை மாற்ற முடிவதில்லை. மீன்பிடி முறையும், கடன் கொடுத்தவரோடு இருக்கும் பிணைப்பும் எங்கே விற்பது என்பதைத் தீர்மானிக்கின்றன என்பது அவர்கள் வாதம். கைபேசி உறவுகளின் மேல்தான் வேலை செய்கிறது. அவற்றை அழித்துவிட்டு வேலை செய்வதில்லை.

இவ்விரு ஆய்வுகளையும் சேலைக்குப் பொருத்திப் பார்க்கும்போது மூன்றாவதாக ஒன்றும் சேர்கிறது. மத்தி எந்தக் கரையிலும் மத்திதான். அங்கே தெரியாமல் இருந்தது விலை மட்டுமே. சேலையில் விலை வெளிப்படையாகத் தெரிந்த பிறகும் தரம் தெரியாது. ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து விளக்கிய சிக்கல் இதுவே. தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால், வாங்குபவர் எதையும் சந்தேக விலைக்கே கேட்பார். நல்ல பொருள் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது. அவர் சந்தையை விட்டு விலக, மட்டமான பொருளே மிஞ்சும். அகர்லாஃபுக்கு 2001இல் பொருளியல் நோபல் பரிசு கிடைக்கக் காரணமான ஆய்வுகளில் இது முதன்மையானது. தூய பட்டு நூலில் கைத்தறியில் நெய்த காஞ்சிபுரம் சேலையும், செயற்கை இழையில் விசைத்தறியில் நெய்த அதன் சாயலும் கைபேசித் திரையில் ஒன்றுபோலத் தெரிகின்றன. விலையில் பத்து மடங்கு வேறுபாடு இருக்கலாம். படத்தில் அது தெரியாது.

இந்நிலையில் வாங்குவோர் என்ன செய்வார்கள் என்பதை மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் மொராக்கோவின் செஃப்ரு நகரச் சந்தையை வைத்து 1978இல் எழுதினார். தரமும் விலையும் தெளிவில்லாத சந்தையில் மக்கள் கடை கடையாக ஏறி இறங்குவதைவிட, ஒரே வியாபாரியிடம் திரும்பத் திரும்பப் போகிறார்கள். அந்த வாடிக்கை உறவே தகவல் பற்றாக்குறைக்கு மருந்தாகிறது. தமிழ்நாட்டில் மூன்று தலைமுறையாக ஒரே கடையில் கல்யாணப் பட்டெடுக்கும் குடும்பங்கள் நடைமுறையில் செய்துவருவதும் இதுதான்.

சமூக ஊடகம் தகவலைப் பரப்பும் செலவை ஏறத்தாழ இல்லாமல் ஆக்கிவிட்டது. நம்பிக்கையை உண்டாக்கும் செலவை அது அதே அளவுக்குக் குறைக்கவில்லை. எனவே தொடங்குபவரின் முதல் உழைப்பு இரண்டாவதில் விழ வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

4. தளங்களின் வேலைப் பிரிவினை

எல்லாத் தளங்களிலும் ஒரே நேரத்தில் இறங்குவது தொடங்குபவர்களிடம் பரவலாகக் காணப்படும் தவறு. ஒவ்வொரு தளத்துக்கும் வேலை வேறு.

வாட்ஸ்அப் அறிமுகமானவர்களுக்கான இடம். இங்கே பதிவைப் பார்ப்பவர் ஏற்கெனவே எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர். பிசினஸ் செயலியில் பொருள் பட்டியலைப் படத்தோடும் விலையோடும் வைக்கலாம். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு ஆயத்தப் பதில்களை எழுதி வைக்கலாம். ‘பணம் வந்தது’, ‘பார்சல் போனது’ என்று உரையாடல்களுக்கு லேபிள் ஒட்டலாம். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், யாரையும் தொந்தரவு செய்யாது. விரும்பியவர் மட்டும் திறந்து பார்ப்பார். பிராட்காஸ்ட் பட்டியலில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம். பெறுபவர் விற்பவரின் எண்ணைச் சேமித்து வைத்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். இந்தக் கட்டுப்பாட்டைத் தடையாக நினைப்பவர் பலர். உண்மையில் அதுவே நல்ல அளவுகோல்: எண்ணைச் சேமித்தவர் எத்தனை பேர் என்பது பின்தொடர்பவர் எண்ணிக்கையைவிட வணிகத்தின் நிலையைச் சரியாகச் சொல்லும்.

இன்ஸ்டாகிராம் அறிமுகமில்லாதவர் முதல்முறை கண்டுபிடிக்கும் இடம். 2020 ஜூலையில் இந்தியாவுக்கு வந்த ரீல்ஸ், பின்தொடராதவருக்கும் பதிவைக் காட்டுவதால் அந்த வேலையை விரைவாகச் செய்கிறது. தொழில்முறைக் கணக்காக மாற்றினால் யார் பார்க்கிறார்கள், எந்த ஊரிலிருந்து, எத்தனை பேர் சேமித்து வைத்தார்கள் என்ற விவரங்கள் கிடைக்கும். லைக் எண்ணிக்கையைவிடச் சேமித்தவர் எண்ணிக்கை முக்கியம். சேலைப் படத்தைச் சேமிப்பவர் அதை வீட்டில் யாரிடமோ காட்டிக் கேட்கப்போகிறார் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

யூடியூபில் போட்ட வீடியோ தேடுவோர் கண்ணில் ஆண்டுக்கணக்கில் படும். இளம்பிள்ளை மொத்தக் கடைகளின் வீடியோக்கள் இதற்குச் சான்று. ஒருவர் சேலையை மடிப்பு மடிப்பாகப் பிரித்துக் காட்டி, விலை சொல்லி, பிடித்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் திரையில் உள்ள எண்ணுக்கு அனுப்பச் சொல்கிறார். ‘சிங்கிள் பீஸ் கூரியர் உண்டு’, ‘ரீசெல்லர்கள் வரலாம்’ என்ற இரண்டு அறிவிப்புகளும் உடன் வரும். மொத்தச் சந்தையும் சில்லறைச் சந்தையும் ஒரே வீடியோவில் கலந்துவிட்டதை இவ்வறிவிப்புகள் காட்டுகின்றன.

கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவது இலவசம். ஆனால் வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் வணிகங்களுக்கே அது உரியது. இணையத்தில் மட்டும் விற்பவர் அதில் சேர முடியாது. வீட்டு வாசலில் நேரடி விற்பனையும் உள்ளவர் பார்வை நேரத்தைச் சரியாகக் குறித்துவைத்தால் போதும்.

தொடங்குபவர் முதல் மூன்று மாதம் வாட்ஸ்அப்பை மட்டும் ஒழுங்காக நடத்தி, பிறகு இன்ஸ்டாகிராமைச் சேர்ப்பது பொருத்தமான வரிசை. யூடியூபுக்குத் தொடர்ச்சியான சரக்கு வரவு வேண்டும். ஒவ்வொரு வகையிலும் ஒற்றைச் சேலை வைத்திருப்பவருக்கு அது உகந்ததல்ல.

முதல் வட்டம் யாரென்பதிலும் கவனம் தேவை. உறவினரும் நெருங்கிய தோழியரும் முதலில் வாங்குவர். ஆனால் அவர்கள் கடனுக்குக் கேட்பதும் விலை குறைக்கச் சொல்வதும் இயல்பு. தரத்தைப் பற்றி வெளிப்படையாகக் குறை சொல்லவும் மாட்டார்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வேலை தேடுவோரைப் பற்றிய தரவுகளைக் கொண்டு, புதிய வாய்ப்புகள் நெருங்கிய உறவுகளைவிட எட்டிய பழக்கங்கள் வழியாகவே அதிகம் வருகின்றன என்று வாதிட்டார். சேலை விற்பனையிலும் வளர்ச்சி அங்கிருந்தே வருகிறது: பிள்ளையின் பள்ளித் தோழனுடைய அம்மா, பழைய அலுவலகத்தில் உடன் பணியாற்றியவர், அண்ணியின் ஊர்க்காரர். முதலில் வாங்கியவர் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு ஒரு விசேஷத்துக்குப் போகும்போது ‘எங்கே எடுத்தது’ என்று கேட்பவரே இரண்டாம் வட்டம்.

5. திரையில் ஒரு சேலை

நம்பிக்கை பெருமளவுக்குப் படத்தின் நேர்மையிலிருந்து தொடங்குகிறது. ஒரு சேலைக்கு உடல், பார்டர், முந்தி, பிளவுஸ் பிட் ஆகிய நான்கும் தெரிய வேண்டும். முந்தியை மட்டும் அழகாக விரித்துக் காட்டிவிட்டு, உடல் முழுவதும் புட்டா உண்டா, பாதியில் நின்றுவிடுகிறதா என்று சொல்லாமல் விடுவதே புகார்களுக்கு வழக்கமான தொடக்கம். பின்பக்கத்தையும் காட்டுவது நல்லது. நெசவு அறிந்தவர் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

நிறம் மிகக் கடினமான பகுதி. குழல்விளக்கின் கீழ் எடுத்த படத்தில் அரக்கு வேறாகவும் மெஜந்தா வேறாகவும் தெரியும். கைபேசிக் கேமரா வெளிச்சத்தைத் தானே சரிசெய்துகொள்வதால், சுற்றிலும் உள்ள சுவரின் நிறமும் சேலையின் நிறத்தைப் பாதிக்கிறது. நேர் வெயில் படாத ஜன்னலோரத்தில், காலை வெளிச்சத்தில், ஒரு வெள்ளைத்தாளை ஓரமாக வைத்து எடுத்தால், அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும் படமே ஏறத்தாழ உண்மையான நிறத்தைக் காட்டும். ஃபில்டர் கூடாது.

மயில் கழுத்து நிறம் இதில் தனிப் பாடம். அதில் பாவு ஒரு நிறம், ஊடை வேறொரு நிறம். பாவில் பச்சையும் ஊடையில் நீலமும் ஓடினால், சேலை அசையும்போது இரண்டும் மாறி மாறித் தெரியும். நிழற்படம் ஒரு கோணத்தைத்தான் பிடிக்கும். நீலமென்று நினைத்து வாங்கியவர் பச்சை வந்திருக்கிறது என்று சொன்னால் அவர் சொல்வதும் உண்மையே. துணியை மெதுவாக மடித்துத் திருப்பும் பத்து நொடி வீடியோவும், ‘பாவு பச்சை, ஊடை நீலம்’ என்ற ஒரு வரியும் இந்தத் தகராறு எழாமல் தடுக்கின்றன. இந்த ஒரு வரி எழுதும் விற்பனையாளர் தமக்குத் துணி தெரியும் என்பதையும் காட்டிவிடுகிறார். எந்த லோகோவும் தராத மதிப்பு அது.

படத்தோடு எழுத வேண்டியவை சில. பிளவுஸ் சேர்த்தா சேர்க்காமலா என்று நீளம், நூல் என்ன, ஜரிகை என்ன, கைத்தறியா விசைத்தறியா, தண்ணீரில் அலசலாமா, டிரை வாஷ் வேண்டுமா, விலை, கூரியர் செலவு. விலையை எழுதாமல் ‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்’ என்று போடும் பழக்கம் பரவியிருக்கிறது. கேள்விகள் பெருகினால் பதிவு மேலே வரும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்ற ஐயத்தை அது வளர்க்கிறது. கட்டாத விலையென்று தெரிந்து விலக வேண்டியவரையும் உரையாடலுக்குள் இழுத்து விற்பவரின் நேரத்தையே தின்கிறது. விலையை எழுதிவிடுவதே சிறுவணிகருக்கு லாபம்.

ஒரே சேலையை இருவர் கேட்கும் நிலைக்கு விதி முன்பே இருக்க வேண்டும். முதலில் பணம் செலுத்தியவருக்கே சேலை என்பது எளிய விதி. பணம் வந்ததற்கு அடையாளம் வாங்குபவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் அல்ல. அதைப் போலியாகத் தயாரிக்க முடியும். விற்பவரின் வங்கிக் கணக்கில் தொகை ஏறியிருக்க வேண்டும். விற்ற உடனே அந்தப் பதிவில் ‘விற்றது’ என்று குறிப்பதும் அவசியம்.

சேதப் புகாருக்குப் ‘பார்சல் பிரிக்கும் வீடியோ கட்டாயம்’ என்ற நிபந்தனை இப்போது பரவலாகிவிட்டது. விற்பவரைப் பொய்ப் புகாரிலிருந்து இது காக்கிறது என்பது உண்மை. அதே அக்கறையோடு விற்பவரும் சேலையை முழுமையாகப் பிரித்து, கறையோ இழை அறுந்த இடமோ இல்லையென்று காட்டி, மடித்துப் பொதியும் வீடியோவை எடுத்து வாங்குபவருக்கு அனுப்பினால் சுமை இருபக்கமும் சமமாகும். அப்படிச் செய்பவர் மிகக் குறைவு என்பதாலேயே செய்பவர் நினைவில் நிற்கிறார்.

6. மறுவிற்பனைச் சங்கிலி

முதல் இல்லாமல் தொடங்க விரும்புபவர்கள் பெரும்பாலும் ரீசெல்லராக இறங்குகிறார்கள். மொத்த வியாபாரியின் குழுவில் நாள்தோறும் வரும் படங்களை எடுத்து, விலையில் நூறோ நூற்றைம்பதோ கூட்டித் தம் ஸ்டேட்டஸில் வைப்பது. ஆர்டர் வந்ததும் மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்புவது. பார்சல் ரீசெல்லரின் பெயரிலேயே நேராக வாங்குபவருக்குப் போவது. 2015இல் தொடங்கப்பட்ட மீஷோ இம்முறையைச் செயலியாக்கி நாடு முழுவதும் பரப்பியது. 2019இல் ஃபேஸ்புக் அதில் முதலீடு செய்தது. இந்தியப் புத்தொழில் நிறுவனம் ஒன்றில் ஃபேஸ்புக் செய்த முதல் முதலீடு அது. பின்னாளில் மீஷோ வாங்குவோருக்கு நேராக விற்கும் தளமாக மாறியது. ரீசெல்லர்கள் கட்டிக்கொடுத்த சந்தையில் ரீசெல்லருக்கே இடம் சுருங்கிப்போன கதை இது. தொடங்குபவர்கள் இதை ஊன்றிப் பார்க்க வேண்டும்.

ரீசெல்லரின் பலவீனம் வெளிப்படையானது. ஒரே படம் நூறு ஸ்டேட்டஸில் ஓடுகிறது. வாங்குபவர் இரண்டில் ஒப்பிட்டாலே விலை வேறுபாடு தெரிந்துவிடும். பொருளைக் கையால் தொடாமலேயே அதற்கு உறுதி சொல்ல வேண்டியிருக்கிறது. சாயம் போனால் பழி வந்து சேர்வது அவர்மேல்தான்.

இருந்தும் ரீசெல்லரை வெறும் இடைச்செருகலாகக் கருதுவது சரியல்ல. நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து தம் வட்டத்துக்கு ஏற்ற ஐந்தைத் தேர்ந்தெடுப்பதும், ‘இந்த நிறம் உங்களுக்கு வேண்டாம்’ என்று சொல்வதும், தகராறில் நடுவில் நிற்பதும் உழைப்பே. கீர்ட்ஸ் விவரித்த வாடிக்கை உறவு இந்த உழைப்பில்தான் உயிர்பெறுகிறது. கூட்டும் நூறு ரூபாய் அதற்கான கூலி. விற்கும் வகை ஒவ்வொன்றிலும் ஒரு சேலையைத் தாமே வாங்கி, கட்டி, துவைத்துப் பார்த்து, சொந்தப் படம் எடுத்துப் போடும் ரீசெல்லர் அக்கூலிக்கு முழு உரிமையுடையவர்.

நெசவாளரின் நிலை வேறு. புதிய பாதையில் மிச்சமாகும் தொகை யாரைச் சேர்கிறது என்று பார்த்தால், தறி யாருடையது என்பதைவிட வாங்குபவரின் எண் யாரிடம் இருக்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. கூலிக்கு நெய்பவருக்கு விற்கச் சொந்தச் சரக்கே இல்லை. சொந்தப் பாவு போட்டு நெய்பவருக்கும் தறியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது. குடும்பத்தில் இன்னொருவர் அந்த வேலையை ஏற்கும் வீடுகளில்தான் நேர்விற்பனை நிலைக்கிறது. சமூக ஊடகம் இடைத்தரகரை நீக்கிவிட்டது என்ற கூற்று இவ்விடத்தில் தளர்ந்துபோகிறது. இடைத்தரகர் யார் என்பது மாறியிருக்கிறது. அந்த வேலை மறையவில்லை.

7. வாடகை இடம்

சமூக ஊடகப் பக்கம் விற்பவருக்குச் சொந்தமானதல்ல. முன்னறிவிப்பில்லாமல் வாடகை ஏறக்கூடிய இடம் அது. ஃபேஸ்புக் 2007 நவம்பரில் வணிகப் பக்கங்களை அறிமுகப்படுத்தியபோது, பக்கத்தை விரும்பியவர்களுக்குப் பதிவுகள் தாராளமாகப் போய்ச் சேர்ந்தன. 2014 பிப்ரவரியில் ஒரு பதிவு பின்தொடர்பவர்களில் சுமார் 6 சதவீதத்தினரையே கட்டணமின்றி எட்டியது என்று ஓகில்வி நிறுவனத்தின் ஆய்வு கண்டது. 2018 ஜனவரியில், நண்பர்கள் மற்றும் குடும்பத்தினரின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று மார்க் சக்கர்பெர்க் அறிவித்தார். வணிகப் பக்கங்களின் வீச்சு மேலும் சுருங்கியது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தபோது, அங்கே சேர்த்த பார்வையாளர்கள் ஒரே இரவில் இல்லாமல் போயினர். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. மூன்றும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதால், ஒன்றுக்கு இன்னொன்று மாற்றாக நிற்கவில்லை.

இதற்கு எதிரான காப்பு எளிமையானது. வாங்கியவர் பெயர், ஊர், எண், எதை எப்போது வாங்கினார், எந்த நிறம் பிடிக்கும், வீட்டில் அடுத்த விசேஷம் எப்போது ஆகிய விவரங்களைச் செயலிக்கு வெளியே ஒரு நோட்டிலோ எக்செல் கோப்பிலோ எழுதி வைப்பதே அது. தளம் போனாலும் தொலைபேசியில் அழைக்கலாம். கேட்டுப் பெற்ற அனுமதியோடு அனுப்பும் செய்திக்கே மதிப்பு என்று சேத் கோடின் 1999இல் ஒரு நூலே எழுதினார். அனுமதியில்லாமல் குழுவில் சேர்ப்பதும் தினமும் முப்பது படம் அனுப்புவதும் எண்ணை முடக்கவைக்கும் செயல்கள். பெறுபவர்கள் புகார் செய்தால் வாட்ஸ்அப் அந்த எண்ணையே தடைசெய்யலாம். அதோடு வணிகமும் நின்றுபோகும். வாட்ஸ்அப் எண்ணுக்கு இருபடிச் சரிபார்ப்பு ரகசிய எண் (PIN) அமைப்பதும், சிம் விற்பவர் பெயரிலேயே இருப்பதும் தொடக்க நாளிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்.

8. விளம்பரச் செலவு

பணம் கொடுத்துப் பரப்புவது எப்போது கட்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் பார்க்கலாம். 1,200 ரூபாய்க்கு விற்கும் சேலையின் கொள்முதல் 900. பொதியும் செலவு 30, பழுதுக்கும் திரும்பி வருவதற்கும் சராசரியாக 20 ஒதுக்கினால் கையில் நிற்பது 250. 3,000 ரூபாய் விளம்பரத்தால் 60 பேர் விசாரித்து 6 பேர் வாங்கினால், ஒரு விற்பனைக்கு விளம்பரச் செலவு 500. ஒவ்வொரு சேலையிலும் 250 நட்டம். அந்த ஆறு பேரும் அந்த ஆண்டில் தலா மேலும் இரண்டு சேலை வாங்கினால் ஒருவரிடமிருந்து மூன்று சேலையில் 750 வருகிறது. 500 போக 250 மிஞ்சும். ஆக, மறுமுறை வாங்குவோர் விகிதம் தெரியாதவருக்கு விளம்பரம் கட்டுமா என்று கணக்கிடவே வழியில்லை. குறைந்தது ஒரு பண்டிகைக் காலம் கடந்து, பழையவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்று நோட்டில் எண்ணிப் பார்த்த பிறகே விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குவது முறை.

பணம் செலவிடும்போதும் பதிவின் கீழே உள்ள பூஸ்ட் பொத்தானை அழுத்துவதைவிட, வாட்ஸ்அப் உரையாடலுக்கு நேராக அழைத்துவரும் விளம்பர வகையே சேலைக்குப் பொருந்தும். விற்பனை முடிவது அங்கேதான்.

கேஷ் ஆன் டெலிவரி தனிச் செலவு. வாங்க மறுத்துத் திரும்பும் பார்சலுக்கு இருவழிக் கூரியரும் விற்பவர் தலையில் விழுகிறது. முதல்முறை வாங்குபவரிடம் கூரியர் தொகையை மட்டும் முன்பணமாகப் பெறுவது ஒரு நடுவழி.

9. பெண்கள், முகம், எண்

வீட்டிலிருந்து சேலை விற்பவர்களில் பெண்கள் மிகுதி. சென்னைப் புறநகரில் பஞ்சகிராமி என்று புனைபெயர் தரப்பட்ட பகுதியில் களப்பணி செய்து ஸ்ரீராம் வெங்கட்ராமன் எழுதிய நூல் 2017இல் லண்டன் யூ.சி.எல். பதிப்பகம் வழியே வெளிவந்தது. குடும்பம், சாதி, பாலினம் ஆகியவற்றின் கட்டுகள் சமூக ஊடகத்திலும் தொடர்வதை அது விரிவாகக் காட்டுகிறது. இந்தத் தொடர்ச்சி வணிகத்தையும் தொடுகிறது. முகத்தைக் காட்டிப் பேசும் வீடியோவுக்கு நம்பிக்கை கூடுகிறது; அதே முகத்துக்கு வரும் கீழ்த்தரமான கருத்துகளும், வீட்டார் எதிர்ப்பும் பெரிதும் பெண்களே செலுத்தும் விலை. ‘முகத்தைக் காட்டினால் விற்பனை கூடும்’ என்று பொதுவாகக் கூறும் அறிவுரை இந்த விலையை மறைத்துவிடுகிறது. கையும் துணியும் குரலும் மட்டும் வரும் வீடியோக்கள் நன்றாகவே விற்கின்றன. வணிகத்துக்குத் தனி எண், அழைப்புக்குக் குறித்த நேரம், அனுப்புநர் முகவரியில் வீட்டு எண்ணுக்குப் பதிலாகக் கூரியர் அலுவலகக் கிளையின் பெயர் ஆகியவை பாதுகாப்புக்குப் போதிய தொடக்கம்.

10. சட்டப் பொறுப்பு

வீட்டிலிருந்து விற்றாலும் தொடர்ந்து விற்பது வணிகமே. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ரசீது தராமல் விற்பது முறையற்ற வணிக நடவடிக்கை. பழுதான பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள்ளோ, காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள்ளோ திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அவ்வாறே. ‘நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்’ என்ற வரி பழுதான சேலைக்குப் பொறுப்பேற்பதிலிருந்து யாரையும் விடுவிக்காது. பிடிக்கவில்லை என்பதற்கும் பழுது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விற்பனை விதிகளிலேயே எழுதிவிட வேண்டும்.

விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்றும், செயற்கைப் பட்டைத் தூய பட்டு என்றும் எழுதுவது ஏமாற்று. காஞ்சிபுரம் பட்டு, மதுரை சுங்குடி ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. அப்பெயர்களைச் சாயல் துணிக்கு வைக்கக் கூடாது. தூய பட்டு விற்பவர் மத்தியப் பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த சில்க் மார்க் முத்திரையோடு உள்ள சரக்கை வாங்கி, முத்திரையையும் படத்தில் காட்டலாம். அகர்லாஃப் சொன்ன சிக்கலுக்கு இத்தகைய முத்திரைகளும் ஒரு தீர்வு.

தமிழ்நாட்டில் சரக்கு விற்போர் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு பெற வேண்டும் என்ற வரம்பு 2019 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. வெளிமாநிலத்துக்கு அனுப்பும் விற்பனைக்கு இவ்வரம்பு பொருந்தாது. அறிவிக்கப்பட்ட சில கைவினைப் பொருட்களுக்கு உள்ள விலக்கு தவிர, பெங்களூருக்கு அனுப்பும் ஒரு சேலைக்கும் பதிவு தேவை. முதல் வெளிமாநில ஆர்டருக்கு முன்பே கணக்காளரைப் பார்ப்பது நல்லது. யூடியூபரிடமோ இன்ஸ்டாகிராம் பிரபலத்திடமோ சேலையை இலவசமாகக் கொடுத்துக் காட்டச் சொன்னால், அது விளம்பரம் என்று அவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது.

வாடிக்கையாளர் நோட்டில் உள்ளவை பிறருடைய முகவரியும் எண்ணும். 2023இல் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியுள்ளது. அது ஒருபுறமிருக்க, அன்றாட நடைமுறையிலேயே திருத்த வேண்டிய பழக்கங்கள் உள்ளன. அனுப்பிய பார்சல்களை அடுக்கிப் படமெடுத்து ஸ்டேட்டஸில் வைக்கும்போது கூரியர் சீட்டில் உள்ள பெயரும் எண்ணும் மறைக்கப்பட வேண்டும். வாங்கியவர் சேலை கட்டி அனுப்பிய படத்தை, அவரிடம் கேட்டு, அவர் சரியென்ற பிறகே பதிவிட வேண்டும். பின்னர் எடுத்துவிடச் சொன்னால் அன்றே எடுத்துவிட வேண்டும்.